பட்டறைப் பதில்கள்: டீசல் வண்டிக்கு ட்யூனிங் உண்டா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய டீசல் கார்களைப் பற்றியவை. நாமக்கல்லில் 41 வருடம் லாரிகளுக்கு டீசல் பம்ப்பும், டீசலை இன்ஜினுக்குள் பீச்சும் நாசிலும் பார்த்துவிட்டு, கடையை மகனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவன் நான். லாரிக்காரர்கள் இரண்டு வரியில் கோளாறைச் சொல்லிவிடுவார்கள். கார் வைத்திருப்பவர்கள் வண்டி வாங்கிய கதையிலிருந்து தொடங்குகிறார்கள். அதனால் கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அப்பா ஓட்டிய 2002 மாடல் இண்டிகா டீசல் இப்போது என்னிடம் இருக்கிறது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ட்யூனிங் செய்தே ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாதே, எதைத்தான் ட்யூன் செய்கிறார்கள்? – காரைக்குடி வாசகி

இதை அவரிடமே கேட்டிருக்கலாம். என்ன பதில் சொல்வார் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.

ட்யூனிங் என்பது பெட்ரோல் வண்டியிலிருந்து வந்த சொல். அந்தக் காலத்துப் பெட்ரோல் இன்ஜினில் பிளக் இடைவெளி, பொறிக்கு மின்சாரத்தை வெட்டிவிடும் பாயின்ட், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் மூன்றும் ஓட ஓட நிலை மாறும். அவற்றைத் திரும்பத் திரும்பச் சரிப்படுத்த வேண்டும். உங்கள் இன்ஜினில் அவை எதுவுமே இல்லை. இருபது பங்கு இடத்தில் இருந்த காற்றை ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்கினால் அது தகதகவென்று சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சினால் தானே பற்றிக்கொள்கிறது. அவ்வளவுதான் சமாசாரம்.

அப்படியானால் இந்த இன்ஜின் நம்மிடம் கேட்பது என்ன? சுத்தமான காற்று, சுத்தமான டீசல், கசியாத கம்ப்ரஷன், சரியான நேரத்தில் சரியான பீச்சல். இதில் முதல் இரண்டும் நம் கையில். ஏர் ஃபில்டரைப் பார்ப்பது, டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை இறக்குவது, ஃபில்டரை மாற்றுவது, இன்ஜின் ஆயில், பெல்ட், குழாய்களில் கசிவு, ஐடிலிங் வேகம். பழைய வண்டிக்கு ட்யூனிங் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

டீசல் ஃபில்டரைப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். அவ்வளவு ஓடவில்லை என்றால் வருடத்துக்கு ஒரு தடவை. புத்தகத்தில் இதைவிட அதிகமாகப் போட்டிருந்தாலும், இருபது வருடத் துரு டாங்கிக்குள் இருக்கும் வண்டிக்கு என் கணக்கு இதுதான்.

பம்ப் டைமிங், அதாவது டீசல் பீச்சும் நேரம், தானாக நகராது. பம்ப்பை யாராவது கழற்றியிருக்க வேண்டும், அல்லது அதை ஓட்டும் பெல்ட், சங்கிலி தேய்ந்திருக்க வேண்டும். ஐயாயிரத்துக்கு ஒரு தடவை பம்ப்பில் ஸ்க்ரூ டிரைவர் வைக்கிறவரிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நாசில்களை ஐம்பது, அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவையோ, புகையும் தட்டலும் கூடும்போதோ பம்ப் கடையில் டெஸ்டரில் போட்டுப் பார்த்தால் போதும். பனிபோலப் பீச்சினால் நல்லது. நுனியில் சொட்டுக் கட்டினால் அந்த நாசில் முடிந்தது.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். உங்கள் வண்டியில் வால்வுகளை ஓட்டும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். அவருக்கு ஞாபகம் இல்லை என்றால் உடனே மாற்றுங்கள். அது அறுந்தால் வால்வு வளையும், அதற்கப்புறம் ட்யூனிங்கைப் பற்றிக் கடிதம் எழுத வண்டி இருக்காது.

கேள்வி: 1993 அம்பாசடர் டீசல். யூடியூபில் பார்த்து நானே டீசல் ஃபில்டரை மாற்றினேன். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. அரை நிமிடம் ஓடி நின்றுவிட்டது. அப்புறம் எவ்வளவு செல்ஃப் அடித்தும் எடுக்கவில்லை, பேட்டரியும் இறங்கிவிட்டது. பம்ப் போய்விட்டது என்கிறார் பக்கத்துப் பட்டறைக்காரர். – தென்காசி வாசகர்

பம்ப் போகவில்லை. ஏர் பிடித்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்த ‘அரை நிமிடம்’தான் அதற்குச் சாட்சி. ஃபில்டரைக் கழற்றும்போது பம்ப்புக்குள்ளும் பைப்பிலும் நல்ல டீசல் மிச்சம் இருந்தது. அதை வைத்து இன்ஜின் ஓடியது. அது தீர்ந்ததும் புது ஃபில்டருக்குள் இருந்த காற்று பம்ப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

டீசலை அமுக்கினால் அது கிட்டத்தட்டச் சுருங்காது, அதனால் பம்ப் தரும் அழுத்தம் அப்படியே நாசிலைப் போய்த் தள்ளித் திறக்கும். காற்று அப்படியில்லை. பம்ப் அமுக்கும்போது சுருங்கும், விட்டால் விரியும். நாசில் திறக்கவே திறக்காது. உங்கள் வண்டியின் நாசில் திறக்க நூறு பார் அழுத்தத்துக்கு மேல் வேண்டும். டயருக்குள் இருப்பது இரண்டு பார்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஏர் எடுக்கும் முறை. முதலில் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். அரைகுறைப் பேட்டரியோடு இந்த வேலையில் இறங்காதீர்கள். டாங்கியில் கால் பங்காவது டீசல் இருக்கட்டும்.

ஃபில்டரின் தலைப்பக்கம் ஒரு சின்ன ஏர் ஸ்க்ரூ இருக்கும். அதை ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். கீழே பழைய துணியை வையுங்கள், டீசல் ரப்பர் பெல்ட்டிலும் ஹோஸிலும் வழியக் கூடாது. இன்ஜின் பக்கவாட்டில், டாங்கியிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்பில் கையால் அடிக்க ஒரு லீவர் உண்டு. அதை அடியுங்கள். லீவர் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே அதை அசைக்கும் கேம் என்ற சுழலும் மேட்டின் உச்சியில் நின்றிருக்கிறது. செல்ஃபை ஒரு தட்டுத் தட்டி இன்ஜினைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி அடியுங்கள், கைக்குப் பிடி கிடைக்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல ஃபீட் பம்ப்பைக் காயலான் கடைக்குப் போட்டவர்கள் நிறையப் பேர்.

அடிக்க அடிக்க முதலில் ஒன்றும் வராது. அப்புறம் புஸ்ஸென்று காற்று, அப்புறம் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை, அப்புறம் குமிழியோடு டீசல், கடைசியில் குமிழி இல்லாமல் கம்பி மாதிரி டீசல். கம்பி வந்துவிட்டது என்று உடனே நிறுத்தாமல் இன்னும் பத்து அடி அடித்து, அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை முடுக்குங்கள். அடியை நிறுத்திவிட்டு முடுக்கினால் அந்த இடைவெளியில் ஒரு வாய் காற்று உள்ளே போய்விடும்.

அடுத்து, நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பெரிய பம்ப்பில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவில் இதே வேலை. அதற்கப்புறம் நாசில் பக்கம் பைப் நட்டுகளில் இரண்டை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் செல்ஃப் மோட்டாரை ஆற விடுங்கள். நட்டு இடுக்கில் டீசல் துடித்துத் துடித்து வந்ததும் முடுக்குங்கள். இன்ஜின் முதலில் முக்கி முனகி, ஒரு கால் இல்லாத மாதிரி நொண்டி, அப்புறம் சீராகும். சீராகும்போது ஒரு வெள்ளைப் புகை மண்டலம் கிளம்பும். பயப்பட வேண்டாம்.

இதையெல்லாம் செய்தும் மறுநாள் காலை பழைய கதையே என்றால், காற்று எங்கோ புதிதாக நுழைகிறது. இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். டாங்கியிலிருந்து ஃபீட் பம்ப் வரை இருப்பது உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால், வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ‘எங்கேயும் லீக் இல்லை சார்’ என்று சொல்லிவிடுவார்கள். ஃபீட் பம்ப்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டியூபைச் செருகி ஓட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் குற்றவாளி அதற்கும் பின்னால், டாங்கிப் பக்கம். குமிழி இல்லை என்றால் முன்னால், ஃபில்டர் பக்கம். சோதனை முடிந்ததும் டியூபை எடுத்துவிடுங்கள், அது இன்ஜின் சூட்டில் நிரந்தரமாக இருக்கத் தகுந்ததல்ல.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது தலை, நடுவில் ஃபில்டர், கீழே கிண்ணம் என்று மூன்று துண்டாக நின்று, நடுபோல்ட்டில் முடுக்கும் வகை. அதில் முதல் சந்தேகம் ரப்பர் வளையங்கள் மேல். பழைய மேல் வளையம் தலையோடு ஒட்டிக்கொண்டு இருந்துவிடும். அதைப் பார்க்காமல் புதியதையும் போட்டால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து காற்றை விடும். நடுபோல்ட் நுழையும் இடத்தில் சின்னதாக இன்னொரு வளையம் உண்டு, புது ஃபில்டர் டப்பாவின் அடியில் அதை விட்டுவிட்டுக் குப்பையில் போட்டிருப்பீர்கள். போய்த் தேடுங்கள். இரண்டாவது சந்தேகம் செம்பு வாஷர்கள். ஒரு தடவை நசுங்கியது மறுபடி சரியாகப் படியாது. புதியது கிடைக்காத ஊரில், பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மெத்தென்று ஆகிவிடும், உப்புத்தாளில் தேய்த்துப் போட்டுக்கொள்ளலாம். இரும்பை அப்படிச் செய்தால் இறுகும், செம்பு இளகும்.

ஏர் எடுக்கச் சோம்பல்பட்டு, ஃபில்டருக்குள் டீசல் ஊற்றிப் போடுகிறவர்கள் உண்டு. முழு டப்பாவாக முறுக்கிப் போடும் வகையில் அது வசதிதான், ஆனால் எந்தத் துளையில் ஊற்றுகிறோம் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலானவற்றில் ஓரத்தில் வட்டமாக இருக்கும் சின்னத் துளைகள்தான் உள்ளே போகும் வழி. நடுத்துளை சுத்தமான டீசல் வெளியே வரும் வழி. நடுவில் ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேராகப் பம்ப்புக்குப் போகும். நான் வேலை பழகிய இரண்டாவது வருடம், அவசரத்தில், மூடாமல் கிடந்த தகர டின்னிலிருந்து நடுத்துளையில் ஊற்றி ஒரு லாரியை அனுப்பினேன். வண்டி சங்ககிரி தாண்டவில்லை. முதலாளி என்னைத் திட்டவில்லை, பம்ப்பைப் பிரித்து, உள்ளே டீசலை அமுக்கும், கோடு விழுந்த பிளஞ்சரை என் உள்ளங்கையில் வைத்தார். அந்தப் பிளஞ்சருக்கும் அது நுழையும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு, மூன்று பங்குதான். தலைமுடி அதற்கு உத்தரம் மாதிரி.

கடைசியாக ஒன்று. உங்கள் வண்டியில் இழுத்து நிறுத்தும் ஸ்டாப்பர் குமிழ் இருந்தால் அது முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இத்தனையும் செய்யுங்கள். ராசிபுரத்துப் பக்கமிருந்து ஒருவர் டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். நான் செய்தது குமிழைத் தள்ளியது மட்டும்தான். கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவருக்கும் பேச வாய் வரவில்லை.

கேள்வி: டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் இன்ஜின் உள்ளே சுத்தமாகும் என்கிறார்கள், உண்மையா? – திண்டுக்கல் வாசகர்

பம்ப்புக்குத் தனியாக ஆயில் கிடையாது, பெரும்பாலான கார் பம்ப்புகளுக்கு டீசல்தான் ஆயில். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு போதாது. சுத்தமாவது உங்கள் பர்ஸ்தான். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச்சாயம் போடுவதே இப்படி ஊற்றுகிறவர்களைப் பிடிக்கத்தான்.

கேள்வி: ஐப்பசி மழைக்குப் பிறகு என் பொலேரோ ஓடும்போதே திணறுகிறது. ஃபில்டரைத் திறந்தால் அரை டம்ளர் தண்ணீர். இரண்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை. பங்க்கில் சண்டை போடலாமா? – தரங்கம்பாடி வாசகர்

போடலாம், ஆனால் முதலில் யார்மேல் குற்றம் என்று பார்த்துக்கொள்வோம்.

ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம், தண்ணீர் ஒரு கிலோ. அதனால் தண்ணீர் எப்போதும் அடியில் போய் உட்காரும். டாங்கியிலும் அப்படித்தான், ஃபில்டர் கிண்ணத்திலும் அப்படித்தான். உங்கள் ஊர்க் காற்றே ஈரம். டாங்கி பாதி காலியாக இருந்தால் மீதி இடத்தில் அந்தக் காற்றுதான் நிற்கும். ராத்திரி தகடு குளிர்ந்ததும் உள்ளே வேர்க்கும். ஆனால் அதில் இரண்டு மாதத்தில் மூன்று தடவை அரை டம்ளர் சேராது. ஆகவே வேறு வழி இருக்கிறது: டாங்கி மூடியின் ரப்பர் வெடித்திருக்கலாம், டீசல் ஊற்றும் குழாயிலிருந்து டாங்கிக்குப் போகும் ஹோஸ் பிளந்திருக்கலாம், அல்லது பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம்.

கண்டுபிடிக்க ஒரே வழி: டாங்கியின் அடி போல்ட்டைத் திறந்து முழுதாக இறக்கிச் சுத்தம் செய்யுங்கள், ஃபில்டரையும் மாற்றுங்கள். பிறகு டீசல் போடும் ஒவ்வொரு தடவையும் அதே துப்பாக்கியிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து, பில்லை அதன்மேல் ஒட்டி, ஒரு ராத்திரி அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் கோடு போட்டுத் தண்ணீர் நின்றால் பாட்டிலோடு பங்க்குக்குப் போங்கள். பாட்டில் சுத்தமாக இருந்து ஃபில்டரில் மட்டும் தண்ணீர் வந்தால், சண்டையை உங்கள் டாங்கி மூடியோடு போட்டுக்கொள்ளுங்கள். டாங்கர் லாரி நின்று இறக்கிக்கொண்டிருக்கும்போது எந்தப் பங்க்கிலும் டீசல் போடாதீர்கள். அடியில் படிந்ததெல்லாம் கலங்கி மேலே வரும் நேரம் அது.

தண்ணீர் இறக்குவதைக் காலையில், வண்டியை அசைப்பதற்கு முன்னால் செய்யுங்கள். ராத்திரி முழுக்க நின்றதில் தண்ணீர் அடியில் தெளிந்திருக்கும். கீழ் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள், வீட்டு டம்ளரில் வேண்டாம், அப்புறம் உங்கள் வீட்டில் எனக்குக் கெட்ட பெயர். சில வண்டிகளில் மேல் ஸ்க்ரூவையும் கொஞ்சம் தளர்த்தினால்தான் இறங்கும். அப்படித் தளர்த்தினால் முடித்ததும் ஹேண்ட் பம்ப்பை அடித்து ஏர் எடுத்துவிட வேண்டும். கடற்கரை ஊரில் மாதம் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகையில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை.

இறக்கியது வெறும் தண்ணீராக இல்லாமல், கறுப்பாக, பாசிபோல வழுவழுவென்று இருந்தால் விஷயம் வேறு. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும், டீசலைத்தான் தின்னும். புது ஃபில்டர் போட்டாலும் சில நாளில் அடைத்துவிடும். டாங்கியை இறக்கிக் கழுவாமல் அதற்கு விடிவு இல்லை. தண்ணீர் இல்லாத டாங்கியில் அது வளராது.

கேள்வி: எங்கள் பாலிடெக்னிக் பட்டறையில் ஒரு பழைய அம்பாசடர் டீசல் இன்ஜின் இருக்கிறது. டேப்பெட் (வால்வு இடைவெளி) அட்ஜஸ்ட் செய்ய எந்த வால்வு எப்போது மூடியிருக்கும் என்று தெரியாமல் தடுமாறுகிறோம். – சேலம் மாணவர்

தம்பி, அது 1489 சி.சி. இன்ஜினாக இருந்தால் ஒன்பது என்ற எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். முன்னாலிருந்து பின்னால் வரை எட்டு வால்வுக்கும் 1 முதல் 8 வரை சாக்பீஸில் எழுது. இன்ஜினைக் கையால் திருப்பு. எந்த வால்வு முழுக்க அமுங்கித் திறந்து நிற்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழி. மிச்சம் வரும் எண்ணின் வால்வு முழுக்க மூடியிருக்கும், அதைச் சரிசெய். 1 திறந்திருந்தால் 8-ஐ, 3 திறந்திருந்தால் 6-ஐ. எட்டும் முடிந்துவிடும். இடைவெளி 0.38 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. கேஜ் தாள் இறுகவும் கூடாது, தொங்கவும் கூடாது, வெண்ணெயில் கத்தி இழுப்பதுபோல இருக்க வேண்டும். லாக் நட்டை முடுக்கிய பிறகு மறுபடி ஒரு தடவை கேஜ் விட்டுப் பார், முடுக்கும்போது நகர்ந்திருக்கும். மேலே கேம் வைத்த இன்ஜின்களுக்கு இந்த ஒன்பது கணக்கைப் போடாதே.

கேள்வி: புகைச் சோதனையில் என் 1999 மாடல் கார் தோற்றுவிட்டது. பம்ப்பில் ஒரு ஸ்க்ரூவைத் திருப்பிப் பாஸ் செய்து கொடுத்தார் மெக்கானிக். இப்போது வால்பாறை மலையேற்றத்தில் வண்டி நடக்கவே மாட்டேன் என்கிறது. – பொள்ளாச்சி வாசகர்

அவர் திருப்பியது இன்ஜினுக்கு அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்று கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ. காய்ச்சல்காரனுக்குச் சோற்றைக் குறைத்துவிட்டுக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொல்வது மாதிரி. பம்ப் கடையில் பெஞ்சில் ஏற்றி மறுபடி பழைய அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். அந்த ஸ்க்ரூவைக் கண்ணளவில் திருப்பக் கூடாது என்பதற்காகத்தான் கம்பெனி அதற்குச் சீல் வைக்கிறது.

பாரத் ஸ்டேஜ் என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்த விதியின் படி. அதில் 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு, புகையின் கறுப்பை அளக்கும் அலகு அது. பாரத் ஸ்டேஜ் 4 வண்டிக்கு 50. ஒழுங்காக இருக்கும் பழைய இன்ஜின் 65-க்குள் தாராளமாக வரும். கறுப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை, அல்லது டீசல் பனியாகப் பிரியாமல் துளியாக விழுகிறது. ஆகவே முதலில் ஏர் ஃபில்டர், பிறகு நாசில். சோதனைக்குப் போவதற்கு முன் பதினைந்து கிலோமீட்டர் கொஞ்சம் விரட்டி ஓட்டி, சூடு ஆறாமல் போய் நில்லுங்கள். ஊருக்குள்ளேயே இரண்டாவது கியரில் உருட்டும் வண்டியின் சைலன்ஸரில் கரி அடைந்து கிடக்கும், அது முழுக்க அந்த மெஷினுக்குள்தான் போகும். இன்னொன்று, அங்கே ஆக்சிலரேட்டரைக் கடைசிவரை திரும்பத் திரும்ப மிதிப்பார்கள். காரைக்குடி வாசகிக்கு டைமிங் பெல்ட்டைப் பற்றிச் சொன்னதை நீங்களும் படித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: 2009 ஸ்விஃப்ட் டீசல். அதற்கும் நாசில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கலாமா? – திருச்சி வாசகர்

கூடவே கூடாது. அது காமன் ரெயில், எல்லா இன்ஜெக்டருக்கும் (நாசிலுக்கு இங்கே அந்தப் பெயர்) ஒரே குழாயில் அழுத்தத்தோடு டீசலைத் தேக்கி வைக்கும் முறை. அந்தப் பைப்பில் ஆயிரம் பாருக்கும் மேல் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் நட்டு இடுக்கிலிருந்து வரும் டீசல் கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி தோலுக்குள் இறங்கும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும், ஆபரேஷன் வரை போகும். கையில் ஒரு புள்ளிதானே என்று யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. உங்கள் வண்டிக்கு ஃபில்டரை மாற்றுவதும், தண்ணீர் விளக்கு எரிந்தால் அங்கேயே நிறுத்தித் தண்ணீரை இறக்குவதும் மட்டும் உங்கள் வேலை. ஃபில்டரை மாற்றியதும் அழுத்தம் குறைந்த பக்கத்தில்தான் ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டர் வாங்குவதில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். பழைய பம்ப் பொறுத்துக்கொள்ளும் தூசியை இந்த இன்ஜெக்டர் பொறுக்காது.

கேள்வி: பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வந்ததிலிருந்து என் பழைய கான்டெஸாவில் பம்ப் கசிகிறது. புது டீசல் பழைய வண்டிக்கு ஆகாதா? – கோவை வாசகர்

டீசல் ஆகும், உங்கள் பம்ப்பில் இருக்கும் ரப்பர்தான் ஆகாது. 2020 ஏப்ரலிலிருந்து நாம் போடும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கிடையாது. அதற்கு முன் 50 வரை இருக்கலாம், உங்கள் வண்டி புதிதாக இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தது. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் மற்ற சேர்மானமும் கொஞ்சம் மாறுகிறது. பழைய டீசலில் ஊறி உப்பியிருந்த ரப்பர் வளையம் புது டீசலில் சுருங்கும். ஏற்கெனவே வயதாகி இறுகியது என்றால் கசியும். பம்ப் கடையில் ‘விட்டான்’ என்ற வகை ரப்பர் சீல் கிட் கேட்டு வாங்கி ஒரு தடவை மாற்றிவிடுங்கள். வழுவழுப்புக்காக டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான 2டி ஆயில் கலக்கச் சொல்வார்கள், வேண்டாம். கந்தகம் எடுத்ததில் போன வழுவழுப்புக்குப் பதிலாக வேண்டியதைச் சேர்த்துத்தான் விற்கிறார்கள்.

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறேன். இண்டிகா காலையில் மட்டும் முரண்டு பிடிக்கிறது, ஸ்டார்ட் ஆகும்போது வெள்ளைப் புகை. வெயில் ஏறிய பிறகு தொட்டதும் எடுக்கிறது. – பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

ஹீட்டர் பிளக், அதாவது ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக். நான்கில் ஒன்றோ இரண்டோ போயிருக்கும். இணைப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் பல்பின் ஒரு வயரை பேட்டரி பாசிட்டிவிலும் மற்றதை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்துப் பாருங்கள். பல்பு எரியாத பிளக் செத்தது. நான்கிலும் எரிந்தால் ரிலேயைப் பாருங்கள். பழைய பிளக்கைக் கழற்றும்போது இன்ஜின் சூடாக இருக்கட்டும், பலத்தைக் காட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் அசைத்து எடுங்கள். ஹெட்டுக்குள் முறிந்தால் அதைத் தோண்டி எடுக்க மலையிலிருந்து சேலத்துக்கு இறங்க வேண்டியிருக்கும்.